எல்லையோரத் தொழில் நகரில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி

பெங்களூருவிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில் மின்னணு நகரத்தைக் கடந்ததும் வரும் ஊர் ஹெப்பகோடி. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூர் ஒரு காலத்தில் ராகி விளையும் கிராமமாக இருந்தது. அருகிலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை அமைந்ததும் இதன் முகம் மாறியது. மருந்து, இயந்திர உறுப்பு, ஆயத்த ஆடை ஆகியவற்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தனர். வயல்கள் இருந்த இடங்களில் ஓரறை வாடகை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஊர் நகரசபையாயிற்று. 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் இவ்வழியே இயங்கத் தொடங்கியது.

இங்கிருந்து தமிழ்நாட்டு எல்லையான அத்திபெலே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. எனவே கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். ஒடிசா, பீகார், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளனர். ஒரே முற்றத்தைச் சுற்றிய ஆறு வீடுகளில் நான்கு மொழிகள் பேசப்படுவது இங்கு வியப்பன்று. முற்றத்தில் விளையாடும் குழந்தை பள்ளிக்குச் செல்வதற்கு முன்பே தமிழ், கன்னடம் இரண்டையும், ஓரளவு இந்தியையும் காதால் கேட்டே கற்றுக்கொண்டுவிடுகிறது.

இந்த வீடுகளில் ஒன்றில் காது கேளாத குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? அதன் கல்வியை எங்கே, எந்த முறையில், எந்த மொழியில் தொடங்குவது? அரசுத் திட்டங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு ஓரளவு விடை கூறியுள்ளன. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை. இடம் பெயர்ந்து வாழும் தொழிலாளர் குடும்பங்களைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. முன்பு ஊனமுற்றோர் என்று எழுதினோம். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். சொல் மாறியது நல்லதே. ஆயினும் பெயரை மாற்றுவதற்குச் செலவில்லை, சாய்தளம் கட்டுவதற்குச் செலவு உண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனை குழந்தைகள்?

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். இது மக்கள் தொகையில் 2.21 சதவீதம். கர்நாடகத்தில் 13.24 லட்சம் பேரும் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேரும் கணக்கில் வந்தனர். 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளில் 61 சதவீதத்தினர் கல்வி நிலையங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். 12 சதவீதத்தினர் சென்று இடையில் நின்றவர்கள். எஞ்சிய 27 சதவீதத்தினர் பள்ளியின் வாசலையே மிதிக்காதவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ள குழந்தைகளிடையே இந்த விகிதம் பாதியைத் தாண்டியது.

இந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைக் குறைபாடுகளையே கேட்டறிந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. கற்றல் குறைபாடு, மதியிறுக்கம் போன்றவை இப்பட்டியலில் உள்ளன. எனவே உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வாடகை வீட்டில் ஓராண்டும் வேறு ஊரில் மறு ஆண்டுமாக வாழும் குடும்பங்களின் குழந்தைகள் எந்தப் பதிவேட்டிலும் நிலையாக இடம் பெறுவதில்லை என்பதையும் கருத வேண்டும்.

தனிப்பள்ளியிலிருந்து பொதுப்பள்ளிக்கு

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தோன்றியது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி 1890இல் தொடங்கியது; காது கேளாதோருக்கான பள்ளியும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கு உருவாயிற்று. மைசூரில் 1901இல் இருவகைக் குழந்தைகளுக்குமாக ஒரு பள்ளி ஏற்பட்டது. இவை யாவும் விடுதியுடன் கூடிய தனிப்பள்ளிகள். சமய ஊழியர்களும் அறச்சிந்தனையாளர்களும் நடத்தியவை. எழுதப் படிக்கவும் ஒரு கைத்தொழிலுக்கும் பழக்கி அனுப்புவது அவற்றின் நோக்கமாக இருந்தது.

கல்வி குறித்து ஆராய்ந்த கோத்தாரி குழு 1964–66இல் தன் பணியை மேற்கொண்டபோது, இக்குழந்தைகளின் கல்வி தருமமாக அன்றி நாட்டின் கல்வி அமைப்பின் பிரிக்க இயலாத பகுதியாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சமூக நலத்துறையின் பொறுப்பில் இருந்த இத்திட்டம் 1982இல் கல்வித்துறைக்கு மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் கல்வித்துறைக்கு வெளியே இருந்த ஒரு கல்வித் திட்டம் எப்படி நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1987இல் யூனிசெஃப் உதவியுடன் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு நடத்திய முன்னோடித் திட்டம் இத்துறையில் இன்றும் படிப்பினை தருவதாகும். தமிழ்நாடு உட்படப் பத்து இடங்களில் ஒவ்வொரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளையும் இக்குழந்தைகளை ஏற்கும் பள்ளிகளாக மாற்ற முற்பட்டனர். அனைத்து ஆசிரியர்களுக்கும் ஒரு வாரப் பயிற்சி, பத்தில் ஒருவருக்கு ஆறு வாரப் பயிற்சி, வட்டாரத்துக்கு எட்டு முதல் பத்துப் பேருக்கு ஓராண்டுப் பயிற்சி என மூன்று படிகளில் ஆசிரியர்கள் உருவாக்கப்பட்டனர். ஒரு பள்ளியில் ஒரு நல்ல ஆசிரியர் இருந்து, அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் போய்விடும் நிலையை இம்முறை தவிர்த்தது. பின்னர் வந்த திட்டங்கள் இதன் பெயர்களை எடுத்துக்கொண்டன. ஆறு வாரப் பயிற்சியை எடுத்துக்கொள்ளவில்லை.

1994இல் ஸ்பெயின் நாட்டு சலமன்கா நகரில் கூடிய மாநாடு, குழந்தையைப் பள்ளிக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாகப் பள்ளியைக் குழந்தைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்னும் உள்ளடக்கிய கல்வி நெறியை முன்வைத்தது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம், 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றதன் விளைவே 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

பெங்களூருவில் இந்நெறி ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட என்.எஸ்.ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் லிங்கராஜபுரத்தில் நடத்திவரும் ஒருங்கிணைந்த பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கின்றனர். பொதுப்பள்ளியில் ஓரிரு மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கெனக் கட்டிய பள்ளிக்குள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைப்பது எதிர்த்திசையிலிருந்து வரும் ஒருங்கிணைப்பு. கட்டடமும் ஆசிரியரும் முன்பே தயாராக இருப்பது இதன் பெருஞ்சிறப்பு.

சட்டம் தரும் தேர்வு

பொதுப்பள்ளியா, தனிப்பள்ளியா என்ற விவாதத்தில் சட்டம் ஒரு பக்கம் சாயவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தை 6 முதல் 18 வயது வரை அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெற உரிமை உடையது. தேர்வு குடும்பத்துடையது, தலைமை ஆசிரியருடையது அன்று. எங்கள் பள்ளியில் வசதி இல்லை, வேறிடம் பாருங்கள் என்று கூறி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவது இச்சட்டத்துக்கு முரணானது.

ஆனால் தேர்வு என்பது இரண்டு இருக்கும்போதுதான் பொருள் பெறும். பெங்களூருவின் பெயர்பெற்ற சிறப்பு நிறுவனங்கள் லிங்கராஜபுரம், இந்திராநகர், ஜே.பி.நகர் போன்ற பகுதிகளில் உள்ளன. ஹெப்பகோடியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தாய் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரின் மறுமுனைக்குச் சென்று, முக்கால் மணி நேரப் பயிற்சி பெற்றுத் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். வாரம் இருமுறை என்றால் மாதத்தில் எட்டு நாள் கூலி. பயிற்சி இலவசம் என்று அறிவிப்புப் பலகை கூறலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த குடும்பம் நான்காவது வாரமே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

காது கேளாத குழந்தையும் அதன் முதல் மொழியும்

இங்குதான் மொழிக் கேள்விக்கு வருகிறோம். பார்வைக் குறைபாடோ கைகால் குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டு மொழி தானாகவே வந்துவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு மட்டும் மொழியே கிட்டாமல் போகும் ஆபத்து உள்ளது. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் எவருக்கும் சைகை மொழி தெரியாது. குழந்தைக்கோ பேச்சு எட்டாது. மூளை மொழியை எளிதில் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் இப்படியே கழிந்துவிடுகின்றன. ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கும்போது அக்குழந்தைக்கு எழுத்து தெரியாதது பெரிய குறையன்று. கேள்வி என்றால் என்ன, நேற்று என்றால் என்ன என்பதற்கான மொழியே இல்லாமலிருப்பதுதான் இழப்பு. அந்த இழப்பைப் பின்னர் முழுமையாக ஈடு செய்வது அரிது.

ஆகவே கண்டறியும் வயதே முதற்கேள்வி. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட ஒழுங்கு. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிச் செவிட்டுத்தன்மையைக் கண்டறிய வேண்டிய 30 நிலைகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் இத்திட்டத்தில் இடம் பெறுகின்றன. எனினும் பிரசவத்துக்குத் தாய்வீடான தமிழ்நாட்டுக் கிராமத்துக்குச் சென்று, மூன்றாம் மாதம் கைக்குழந்தையுடன் ஹெப்பகோடிக்குத் திரும்பும் பெண்ணை எந்த அங்கன்வாடி தொடர்ந்து கவனிக்கும்? பிறந்த இடத்தில் சோதனை, வாழும் இடத்தில் பயிற்சி என்று இரு மாநிலங்களிடையே பிரிந்துபோகும் குழந்தை இரண்டிலும் தவறிவிடுகிறது.

கண்டறிந்த பின் இரு வழிகள் உள்ளன. ஒன்று கேட்பு வழி. காதொலிக் கருவியோ, கடுமையான குறைபாடாயின் காக்ளியர் உள்வைப்போ பொருத்தி, பேச்சைக் கேட்டுப் பேசப் பயிற்றுவது. 1981 முதல் நடைபெறும் மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டத்தின் கீழ் இன்று உள்வைப்பு அறுவைக்கும் உதவி கிடைக்கிறது. சென்னை அடையாற்றில் 1969 முதல் நடைபெறும் பால வித்யாலயா இவ்வழியின் சிறந்த எடுத்துக்காட்டு. கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்துக்கொண்டு, தாயை ஆசிரியரின் அருகில் அமர்த்தி, வீட்டில் நாள் முழுவதும் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்குவது இப்பள்ளியின் அடிப்படை. மைசூரிலும் தாயும் குழந்தையும் சேர்ந்தே பயிலும் பள்ளி ஒன்று உண்டு. தொலைவிலிருந்து வரும் தாய்மார் அங்குத் தங்கி, குழந்தையுடன் தாமும் மாணவிகளாகின்றனர்.

கருவியை வழங்குவது முகாமில் ஒரு நாளில் முடிந்துவிடும். அதைக் குழந்தை காதில் வைத்திருக்கச் செய்வது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. வளரும் குழந்தையின் காது பெரிதாவதால் கருவியின் காது அச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; இல்லையேல் கீச்சொலி எழும். பேட்டரி தீரும். இவற்றைக் கவனிக்க அருகில் ஆள் இல்லாவிடில் கருவி அலமாரிக்குப் போய்விடும். வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையை அறிக்கைகளில் காண்கிறோம். ஓராண்டுக்குப் பின் எத்தனை காதுகளில் அவை இருந்தன என்ற எண்ணிக்கையையும் கேட்க வேண்டும்.

கேட்பு வழியைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பத்துக்கு உடனே எழும் சிக்கல், எந்த மொழியில் பயிற்றுவது என்பது. பெங்களூருவின் பேச்சுப் பயிற்சியாளர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயிற்றுவார். பள்ளி கன்னடத்தில் நடக்கும். இந்நகரில் தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே வந்துள்ளன. எனவே வீட்டிலும் கன்னடமே பேசுங்கள் என்ற ஆலோசனை நல்லெண்ணத்துடன் கூறப்படலாம்.

இது எத்தகைய சுமை என்பதற்கு ஒரு சிறு சான்று. தமிழில் பால், பல், பூ என்னும் சொற்கள் உதடு மூடித் தொடங்குகின்றன. உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் குழந்தைக்கு அந்த மூடல் ஒரு பெரிய அடையாளம். இதே சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹூவு என்று வழங்குகின்றன. முன்னிருந்த பகரம் ஹகரமாக மாறிவிட்டதால் உதடு மூடுவதில்லை. ஹகரம் தொண்டையில் பிறப்பதால் கண்ணுக்கே தெரிவதில்லை. காது கேட்கும் குழந்தை இரண்டும் ஒரே பொருள் என்று விளையாட்டாய்ப் புரிந்துகொள்கிறது. காது கேளாத குழந்தைக்கோ வீட்டில் கண்ட பாலும் பள்ளியில் காணும் பாலும் தொடர்பற்ற இரு முகத்தோற்றங்கள்.

கன்னடம் சரளமாக வராத தாய் கன்னடத்தில் பேச முற்பட்டால் என்ன நேரும்? பேச்சு குறையும். ‘வா’, ‘சாப்பிடு’, ‘வேண்டாம்’ என்னும் அளவில் சுருங்கிவிடும். கதை, கொஞ்சல், கோபம், அத்தையைப் பற்றிய புறம்பேச்சு எதுவும் குழந்தைக்குக் கிடைக்காது. மொழி வளர்வதோ இவற்றில்தான். ஆகவே முதல் மொழி தாய் தடையின்றிப் பேசும் மொழியாகவே இருக்க வேண்டும். அதில் வேரூன்றிய குழந்தைக்கு இரண்டாம் மொழியைப் பின்னர் சேர்க்கலாம். இரண்டு மொழிகள் கேட்பது உள்வைப்புப் பொருத்திய குழந்தையின் முதல் மொழியைக் கெடுப்பதில்லை என்பதையே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியவில்லை என்பது தடையாகாது. எதைச் செய்ய வேண்டும் என்பதை அவர் தாய்க்குக் காட்டட்டும். தாய் அதைத் தமிழில் செய்யட்டும்.

பள்ளிப் பருவத்தில் சட்டம் ஓர் உதவி செய்கிறது. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பெயர் குறிப்பிட்டே கூறுகிறது. மும்மொழிகளுக்கு இடையே திணறும் காது கேளாத மாணவருக்கு இவ்விலக்கு பெரும் ஆறுதல். ஆயினும் விலக்கைக் கேட்பதற்கு முன் எந்த மொழியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். ஹெப்பகோடியில் தொடர்ந்து வாழப் போகும் குடும்பமாயின் எழுத்து மொழியாகக் கன்னடமே பயன் தரும். ஊர் திரும்பும் எண்ணமுள்ள குடும்பத்துக்குத் தமிழ். இதைக் குடும்பத்துடன் அமர்ந்து பேசிய பின்னரே முடிவு செய்ய வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் தானாக நிரம்பிவிடக் கூடாது.

இரண்டாவது வழி சைகை மொழி. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் பேச்சு முறையே சிறந்தது என்று முடிவு செய்து சைகையை ஒதுக்கியது. அதன் நிழல் நூறாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் படிந்திருந்தது. நம் நாட்டுப் பள்ளிகளும் விதிவிலக்கல்ல. மேசைக்கு அடியில் கைகளை மறைத்துப் பேசிக்கொண்ட தலைமுறைகள் உண்டு. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு அம்முடிவுக்காக வருத்தம் தெரிவித்தது. இந்தியாவில் 2015இல் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தில்லியில் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்குவதற்குத் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவுடன் 2020இல் உடன்பாடும் ஏற்பட்டது.

ஹெப்பகோடி போன்ற ஊருக்குச் சைகை மொழி தனிப்பட்ட ஒரு நன்மையைத் தருகிறது. இந்தியச் சைகை மொழி தமிழுமன்று, கன்னடமுமன்று. சொற்களில் வட்டார வேறுபாடுகள் உண்டு. அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தருமபுரியிலிருந்து வந்த குழந்தையும் ஒடிசாவிலிருந்து வந்த குழந்தையும் ஆனேக்கல்லில் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே மொழியில் பேசிக்கொள்ள முடியும். காது கேட்கும் குழந்தைகளுக்கே வாய்க்காத வசதி இது. குடும்பம் நாளை ஒசூருக்கோ புவனேசுவரத்துக்கோ சென்றாலும் அம்மொழி உடன் வரும்.

ஆனால் சைகை மொழி தனியே ஒரு குழந்தைக்குக் கற்பிக்கக்கூடியதன்று. பேசுவதற்கு எதிரில் ஆள் வேண்டும். நாற்பது காது கேட்கும் குழந்தைகளிடையே ஒரே ஒரு காது கேளாத குழந்தையை அமர்த்திவிட்டு, உள்ளடக்கிய கல்வி நடைபெறுகிறது என்று கணக்குக் காட்டினால் அது உள்ளடக்கிய தனிமைச் சிறையாகவே முடியும். இந்த வகையில் மட்டும் தனிப்பள்ளிக்கோ, பொதுப்பள்ளிக்குள் காது கேளாத குழந்தைகளைக் குழுவாகச் சேர்க்கும் முறைக்கோ ஆதரவான வாதம் வலுவானது. ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவும் காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கு அவர்களது மொழியிலும் வளர்ச்சிக்கு மிக உகந்த சூழலிலும் கல்வி தர வேண்டும் என்றே கூறுகிறது.

கேட்பு வழி, சைகை வழி இரண்டையும் பகைமைக் கட்சிகளாகக் கருதும் போக்கு இன்னும் இத்துறையில் நீடிக்கிறது. உள்வைப்புக்குக் காத்திருக்கும் ஓராண்டில் குழந்தைக்குச் சைகையைக் காட்டக் கூடாது என்று தடுப்பது அந்த ஓராண்டை வீணாக்குவதே. மொழி எதுவாயினும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்து சேர வேண்டும்.

ஆறு புள்ளிகளில் இரு மொழிகள்

பார்வையற்ற குழந்தையின் நிலை இதற்கு நேர் எதிர். அதற்குப் பேச்சில் சிக்கல் இல்லை; எழுத்தில்தான். அந்த எழுத்திலோ எல்லையோர ஊர்களுக்கு எதிர்பாராத ஓர் எளிமை காத்திருக்கிறது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒலி அடிப்படையில் பொதுவான புள்ளிக் குறிகள் வகுக்கப்பட்டன. தமிழில் ககரத்துக்கு உரிய 1, 3 ஆகிய புள்ளிகளே கன்னடத்திலும் ககரம். லகரத்துக்கு 1, 2, 3. மகரத்துக்கு 1, 3, 4. இரண்டிலும் மாற்றமில்லை. பார்வையுள்ள குழந்தை தமிழ், கன்னடம் என இரண்டு வரிவடிவங்களைக் கற்க வேண்டியிருக்க, பார்வையற்ற குழந்தையின் விரலுக்கு இரண்டும் ஒரே எழுத்து. கன்னடத்தில் உள்ள வர்க்க எழுத்துகளைக் கூடுதலாகவும், ழகரம் போன்ற சிலவற்றைத் தமிழுக்கு மட்டுமாகவும் அறிந்தால் போதும்.

தமிழ்க் குடும்பத்துப் பார்வையற்ற குழந்தையைக் கன்னடப் பள்ளியில் சேர்க்க அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல காரணம். வீட்டில் தமிழ்ப் பிரெய்ல் நூலும் பள்ளியில் கன்னடப் பிரெய்ல் நூலும் ஒருசேரப் படிக்க இயலும். தேவை, புத்தகம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கைக்கு வருவதும், பிரெய்ல் அறிந்த ஆசிரியர் வாரந்தோறும் வருவதும். கைபேசி படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு என்ற பேச்சு இப்போது கேட்கிறது. எழுத்துப்பிழையையும் கணக்கின் அமைப்பையும் காதால் மட்டும் அறிய முடியாது. பார்வையுள்ள குழந்தைக்கு ஒலிநாடாவைக் கொடுத்துவிட்டு எழுத்தைக் கற்பிக்காமல் விட எவரும் ஒப்புவதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீடே பள்ளியாகும்போது

அறிவுவளர்ச்சிக் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள குழந்தைகளுக்குக் கல்வி என்பது முதலில் சட்டை அணிவது, தட்டிலிருந்து எடுத்து உண்பது, கழிப்பறை செல்வது போன்றவற்றில் தொடங்குகிறது. 1969இல் அமெரிக்காவின் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில், பள்ளி தொலைவாக இருந்ததால் பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று தாய்க்குக் கற்பிக்கும் முறை உருவானது. நம் நாட்டிலும் அது பரவியது. சென்னையில் 1989இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம் ‘உபநயன்’ என்னும் திட்டத்தில் இரண்டு வயது வரையிலான குழந்தை அடைய வேண்டிய 250 திறன்களை வரிசைப்படுத்தி, தாயே அடையாளமிட்டுச் செல்லும் வகையில் அமைத்தது.

இம்முறையின் சூட்சுமம் ஒரு செயலைச் சிறு சிறு படிகளாக உடைப்பது. கால்சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். தாய் முழங்கால் வரை அணிவித்துவிட்டு, இடுப்புவரை இழுக்கும் கடைசிப் படியை மட்டும் குழந்தையிடம் விடுகிறார். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. பின்னிருந்து முன்னாக வருவதால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது. இதற்கு அறையும் கருவியும் வேண்டா. ஓரறை வீடும் போதும்.

கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. கர்நாடகத்தில் வட்டார அளவிலான உள்ளடக்கிய கல்வி வள ஆசிரியர்கள் இக்குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலை ஆறு மணிப் பணிமுறைக்குத் தாயும் இரவுப் பணிமுறைக்குத் தந்தையும் செல்லும் வீட்டில் ஆசிரியர் வரும் நேரத்தில் யார் இருப்பார்? பக்கத்து வீட்டுப் பாட்டியோ, பள்ளியை விட்டு நின்ற அக்காளோதான். வீட்டுவழிக் கல்வியின் பெயரால் பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அந்த ஆசிரியரின் பொறுப்பில் சேர வேண்டும். மேலும், பள்ளிக்கு வரக்கூடிய குழந்தையையும் வீட்டுப் பட்டியலில் எழுதிவிடும் எளிய வழி தலைமை ஆசிரியர்களை ஈர்க்கக்கூடியது. இப்பட்டியலை ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்வது இன்றியமையாதது.

ஆசிரியரும் பணமும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு. கருவி, நூல், போக்குவரத்து, துணைவருபவர் படி எல்லாம் அந்த 3,500க்குள் அடங்க வேண்டும். மேலே கூறிய தாயின் எட்டு நாள் கூலியுடன் இத்தொகையை ஒப்பிட்டால் இடைவெளி தெரியும்.

சிறப்பாசிரியர் பற்றாக்குறை பணத்தைவிடப் பெரிய சிக்கல். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப்பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும், மேல் வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று கூறியது. இதற்கான நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் ஆசிரியரிடம் பத்தாண்டுக்கால முயற்சியை எதிர்பார்ப்பது முறையன்று. சைகை மொழியும் பிரெய்லும் அறிந்த மாற்றுத்திறனாளிகளையே ஆசிரியர்களாக நியமிக்க 17ஆம் பிரிவு வழி செய்கிறது. காது கேளாத குழந்தை தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதைக் காண்பது எந்தப் பயிற்சி நூலிலும் இல்லாத பாடம்.

எல்லை கடக்கும் குழந்தைக்குச் சான்றிதழ் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாநிலத்தில் வழங்கப்பட்ட மாற்றுத்திறன் சான்று நாடு முழுவதும் செல்லும் என்று சட்டம் கூறுகிறது. தனித்துவ அடையாள அட்டையும் அவ்வாறே. தருமபுரியில் பெற்ற அட்டையைக் காட்டும் குடும்பத்திடம் புதிய சான்று கேட்பதற்கு அடிப்படை இல்லை. ஆனால் குழந்தையின் கேட்புச் சோதனை வரைபடமும் பயிற்சிக் குறிப்பேடும் அட்டையுடன் வருவதில்லை. அவை வராததால் புதிய பள்ளி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. மீண்டும் ஆறு மாதம் போகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஆனேக்கல் வட்டாரத்துக்கும் இடையே இக்குறிப்புகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் புதிய சட்டமோ பெருந்தொகையோ தேவையில்லை. இரண்டு வட்டார வள மையங்களின் பொறுப்பாளர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு நாளில் முடியும்.

பள்ளிக் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுத்திறன் கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும் என்பதும் அதே 17ஆம் பிரிவின் விதி. இக்கணக்கெடுப்பு பள்ளிப் பதிவேட்டுடன் நிற்காமல் பொம்மசந்திரா, ஹெப்பகோடி வாடகை வரிசைகளின் கதவுகளையும் தட்ட வேண்டும். கணக்கெடுப்பவர் பகலில் சென்றால் பூட்டிய கதவுகளையே காண்பார். தொழிற்சாலைகளின் வார விடுமுறை நாளே அதற்கு ஏற்ற நாள். கேட்கும் கேள்விகளில் ‘வீட்டில் பேசும் மொழி எது?’ என்பதும் இருக்கட்டும்.